கேள்விப் படிவத்தை அப்புறம் அச்சடிக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். முதுகலை முதலாண்டு மாணவி. ஆய்வுத் தலைப்பு, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் பிள்ளைகளின் கல்வியும். முறையியல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டாராம் மேற்பார்வையாளர். "நூறு பேருக்குக் கேள்விப் படிவம் கொடு, எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளிவிவர மென்பொருளில் போடு, முடிந்தது" என்கிறாராம் தோழி. "எனக்குக் கணக்கு வராது, அதனால் பத்துப் பேரைப் பேட்டி எடுத்துவிடலாமா?" என்று இவர் கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. உங்களிடம் இப்போது தலைப்புதான் இருக்கிறது, கேள்வி இன்னும் வரவில்லை. கேள்வி வந்துவிட்டால் முறையைத் தேடி அதிகம் அலைய வேண்டியிருக்காது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடைக்குப் போய் முதலில் சட்டியை வாங்கிவிட்டு, அப்புறம் என்ன சமைக்கலாம் என்று யோசிக்கிறார்கள்.

உங்கள் தலைப்புக்குள்ளேயே குறைந்தது நான்கு ஆய்வுகள் படுத்திருக்கின்றன. தோட்டத்திலேயே தங்கிவிட்ட வீட்டுப் பிள்ளைகளைவிடத் தாமானுக்கு (நகரக் குடியிருப்புக்கு) வந்த வீட்டுப் பிள்ளைகளில் அதிகம் பேர் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வரை படித்தார்களா? இது எண்ணிக்கை கேட்கும் கேள்வி. இதற்குப் பட்டியலும் நிறைய ஆட்களும் வேண்டும். மூன்றாம் படிவத்தோடு, அதாவது இடைநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டோடு, பள்ளியை விட்ட பையனின் வீட்டில் அந்த முடிவு எப்படி வந்தது, யார் முதலில் சொன்னது, யார் வாயைத் திறக்கவே இல்லை? இதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். தோட்டம் கைமாறி லயன் வீடுகளை (தொழிலாளர் வரிசை வீடுகளை) காலி செய்யச் சொன்னபோது அங்கிருந்த தமிழ்ப்பள்ளி என்ன ஆனது? இதற்கு வயதானவர்களின் வாய்மொழியும் பழைய காகிதங்களும் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது, அந்த நேரத்தில் அம்மா இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாரா? இதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். கேட்டால் எல்லா அம்மாக்களும் "ஏழு மணிக்கெல்லாம் படிக்க உக்காந்துடுவான்" என்றுதான் சொல்வார்கள்.

நான்கும் நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு முதுகலை ஆய்வில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். எதற்குப் பதில் தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் கெடுகிறதோ அதை எடுங்கள்.

சரி, முதலில் அந்த நூறு படிவக் கதைக்கு வருவோம். என் முதல் ஆய்வும் கேள்விப் படிவம்தான். செம்பனைத் தோட்டம் ஒன்று. கையில் நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். "முற்றிலும் உடன்படவில்லை" என்பதில் தொடங்கி "முற்றிலும் உடன்படுகிறேன்" வரை. இந்த அளவுகோலை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்தார். இன்றுவரை நம் மாணவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதி இல்லை. வாசலில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் முதல் கேள்வியை வாசித்தேன். "தோட்ட வாழ்க்கையில் எனக்கு மனநிறைவு உண்டு." பாட்டி என் முகத்தைப் பார்த்தார். "நீ எதுல கோடு போடணும்னு நெனைக்கிறியோ அதுலயே போட்டுக்க சாமி" என்றார். நான் விடாமல் கேட்டேன். "நாலு" என்றார். அடுத்த கேள்விக்கும் நாலு. பன்னிரண்டாவது கேள்விவரை நாலுதான். படிவத்தை மடித்து வைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார். காலையில் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) லேட்டாகப் போனால் மேற்பார்க்கும் தண்டல் என்ன சொல்வார், பேர் போடாமல் திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி எப்படிப் போகும், மகளை ஆறாம் வகுப்போடு நிறுத்தியது யார் என்று ஒரு மணி நேரம். அதில் ஒரு வரிக்கும் என் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. படித்த பிள்ளை கையில் காகிதத்தோடு வந்திருக்கிறது, அதற்குத் தொல்லை வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் எனக்கு வந்த எழுபது படிவங்களில் பாதிக்கு மேல் இப்படி "நாலு" மழை பொழிந்திருந்தது. கணினியில் போட்டால், பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகக் கெழு அழகாக வந்தது. ஏன் வராது? எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகத்தான் செய்யும். அந்தக் கெழுவான குரோன்பாக் ஆல்ஃபா 0.7ஐத் தாண்டிவிட்டது என்று சந்தோஷப்படுகிற மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வருவார்.

இதனால் கேள்விப் படிவமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநிறைவைக் கட்டத்தில் அளப்பது கஷ்டம். வீட்டில் எத்தனை பேர், யார் எந்த வகுப்புவரை படித்தார்கள், எந்த ஆண்டு தோட்டத்தை விட்டு வந்தீர்கள், பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள், பேருந்துக்கு மாதம் எவ்வளவு? இவற்றுக்குப் படிவம் அருமையான கருவி. நடந்ததைக் கேட்டால் படிவம் தாங்கும். அபிப்பிராயத்தைக் கேட்டால், அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தமிழுக்கு மாற்றிய வாக்கியத்தில் கேட்டால், தள்ளாடிவிடும். மொழிபெயர்த்த படிவத்தை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி மூலமொழிக்கே மாற்றச் சொல்லிப் பாருங்கள். எங்கே அர்த்தம் கவிழ்ந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த "நூறு". நம் பல்கலைக்கழகங்களில் கிரெஜ்சி, மோர்கன் அட்டவணை தெரியாத மாணவர் கிடையாது. மொத்தம் இத்தனை பேர் என்றால் எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்டும் அட்டவணை, 1970இல் வந்தது. மொத்தம் 300 பேர் என்றால் 169 பேர், 1,000 என்றால் 278, பத்து லட்சம் என்றாலும் 384 போதும் என்று சொல்லும். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மொத்தப் பேரின் பட்டியல் உங்கள் கையில் இருந்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்திருக்க வேண்டும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் வாங்க வந்தவர்களில் 169 பேரைப் பிடித்துவிட்டு அந்த அட்டவணையை மேற்கோள் காட்டினால், அட்டவணைக்கும் உங்கள் ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்கு நிஜமான தலைவலி இந்தப் பட்டியல்தான். தோட்டம் இருந்தவரை செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) எல்லோர் பெயரும் இருந்தது. தோட்டம் போன பிறகு, அங்கிருந்தவர்கள் யார் யார் என்று யாரிடம் கேட்பீர்கள்? இரண்டு வழி உடனே தோன்றும். ஒன்று, தோட்டத்துக் கோயிலின் வரிப் பட்டியல். இன்னொன்று, "நம்ம தோட்டம்" என்று யாரோ ஆரம்பித்து வைத்திருக்கும் வாட்ஸாப் குழு. கோயில் பட்டியலில், திருவிழாவுக்கு வரி கட்ட முடிந்தவர்கள்தான் இருப்பார்கள். மதம் மாறியவர்களும் கோயில் நிர்வாகத்தோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள். வாட்ஸாப் குழுவில் ஓரளவு நன்றாக இருப்பவர்கள்தான் சேருவார்கள். கஷ்டத்தில் இருப்பவருக்குப் பழைய சிநேகிதர்கள் முன்னால் போய் நிற்கக் கூச்சம். அந்தக் குழுவில் இருநூறு படிவம் அனுப்பி, "தோட்டத்தை விட்டு வந்தவர்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று நீங்கள் முடிவு எழுதினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற தப்பு இல்லை. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்கெடுப்பு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். பத்திரிகை பெயர்களை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்தும். பொருளாதார மந்தம் பிடித்தாட்டிய காலத்தில் வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர் யார்? அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தினுசானவர்கள்தான். இருபது லட்சம் பதிலே காப்பாற்றவில்லை, உங்கள் நூறு என்ன செய்யும்?

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தோட்டத்தில் தங்கியவர்களையும் வெளியேறியவர்களையும் ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் வெளியேறியது யார்? கிராணி (தோட்டக் கணக்கர்) வீடு, லாரி ஓட்டியவர் வீடு, மூத்த பையன் சிங்கப்பூரில் வேலைக்குப் போன வீடு. கையில் நாலு காசு இருந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்றால் அது தோட்டத்தை விட்டதால் வந்ததா, ஏற்கெனவே இருந்த வசதியால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே உங்களைப் பிடித்துவிடுவார்.

இனி, "கணக்கு வராது, அதனால் பேட்டி" என்ற பக்கம். பேட்டி சுலபம் என்று உங்களிடம் சொன்னவர் ஒரு பேட்டியையும் எழுத்தில் இறக்கிப் பார்த்தவராக இருக்க முடியாது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் பேரப்பிள்ளை அழும், மின்விசிறி கடகடக்கும், பேசுகிறவர் பாதியில் மலாய்க்குத் தாவுவார். அப்புறம் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, எது எதோடு சேர்கிறது என்று பிரிக்க வேண்டும். அதுதான் ஆய்வு. பேசிவிட்டு வந்தது வெறும் மூலப்பொருள்.

எத்தனை பேர் போதும் என்று அடுத்துக் கேட்பீர்கள். "பன்னிரண்டு போதும், ஆதாரம் இருக்கிறது" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அவர்கள் சுட்டுவது 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட கட்டுரை. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை அலசி, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்றார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரியான ஆட்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகள் என்ற நிலையில் கிடைத்த எண் அது. நீங்கள் தாய், தகப்பன், பிள்ளை, ஆசிரியர் என்று நான்கு விதமான ஆட்களிடம் போனால் பன்னிரண்டு என்பது ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று பேர். புதிதாக எதுவும் வராத இடத்தில் நிறுத்துங்கள். அது எட்டிலும் வரலாம், முப்பதிலும் வரலாம்.

எண்ணைவிடப் பெரிய விஷயம், உங்களை அந்த வாசலுக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது. தோட்ட அலுவலகத்து ஆள் கூட வந்தால் நீங்கள் கம்பெனி ஆள். கட்சிக் கிளைத் தலைவர் கூட வந்தால் ஏதோ மானியம் வரப்போகிறது என்று கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினால் பள்ளியைப் பற்றி ஒரு குறையும் காதில் விழாது. யார் மூலமாகவும் போகாமல் இருக்க முடியாது. ஆகவே ஒரே ஆள் மூலமாகப் போகாதீர்கள், யார் மூலமாகப் போனீர்கள் என்பதை ஆய்வேட்டிலும் எழுதிவிடுங்கள். இன்னொன்று, தகப்பன் எதிரில் தாயிடம் பேட்டி எடுத்தால் இரண்டு தடவை தகப்பனைப் பேட்டி எடுத்த மாதிரிதான். திருவிழாவுக்கு முந்தின நாள் கோயில் அடுக்களையில் காய் நறுக்க உட்கார்ந்துகொள்ளுங்கள். அங்கே பெண்கள் பேசுவதைக் கேட்ட பிறகு உங்கள் கேள்விகளில் பாதியை நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

ஒரே தொழிலை நம்பியிருந்த ஊரை எப்படி ஆராய்வது என்று என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் மரியென்தாலைப் பற்றிச் சொல்வேன். வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. பொருளாதார மந்தத்தில் ஆலை மூடிவிட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே போய் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டது. வேலை இல்லை, நேரம் நிறைய இருக்கிறது, ஆட்கள் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகக் கணக்கைப் பார்த்தார்கள். இரவல் வாங்கிய புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன, அதுவும் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு. ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்து, யார் எவ்வளவு வேகத்தில் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்தது, விரசாக நடந்தார்கள். ஆண்கள் நின்று நின்று போனார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுத வைத்தார்கள். வீட்டுச் செலவுக் கணக்கும் வாங்கினார்கள். எண்ணும் உண்டு, கதையும் உண்டு. எதையும் மூட்டை கட்டுவதற்காகச் சேர்க்கவில்லை, ஒவ்வொன்றும் ஒரே கேள்வியைத்தான் துரத்தியது. இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். குழுவில் யாரும் வெறுமனே வேடிக்கை பார்க்கிறவராக இருக்கக்கூடாது, ஊருக்குப் பயன்படுகிற ஒரு வேலையைச் செய்ய வேண்டும். துணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு எடுத்தார்கள், மருத்துவர் வந்து பார்த்தார். நீங்கள் வாரம் ஒரு மாலை இலவச டியூஷன் எடுத்தால் போதும், ஊர் உங்களை வேறு விதமாகப் பார்க்கும்.

"அப்படியானால் நானும் கலப்பு முறை என்று போட்டுவிடவா?" போடாதீர்கள். கேட்க அழகாக இருக்கும், வேலை இரட்டிப்பாகும். முதலில் ஐந்தாறு பேரிடம் பேசி, அவர்கள் பேச்சிலிருந்தே படிவத்தின் வார்த்தைகளை எடுப்பது என்றால் சரி. ஒரு பக்கம் படிவம், மறுபக்கம் பேட்டி, இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனி அத்தியாயமாகக் கிடந்தால் அதற்குப் பேர் கலப்பு இல்லை.

மூன்றாவது கேள்விப் பக்கம், அதாவது வரலாற்றுப் பக்கம், உங்கள் மனம் சாய்ந்தால் நீங்கள் இருப்பது தங்கமான ஊர். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அதே 1960இல், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகள் கிடைக்கும். ஆனால் அவற்றில் பேசுவது பெரும்பாலும் துரையும் அதிகாரியும்தான். தொழிலாளி அங்கே தலைக்கணக்காகத்தான் இருப்பார். அந்த மறுபாதி தாத்தா பாட்டிகளிடம் இருக்கிறது. அவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் காலமா, அவசரகாலத்தில் கம்பி வேலி போட்ட காலமா, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருந்தபோதா, கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட பிறகா என்று கேளுங்கள். ஆண்டு தானாக வரும். பிறகு காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத இடம் வந்தால் தாத்தா தப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள், சில நேரம் தப்பு காகிதத்தில் இருக்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க உதவி பெறும் பள்ளிக்குள் போவதானால் கல்வி அமைச்சின் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவின் அனுமதி வேண்டும், அப்புறம் மாநிலக் கல்வி இலாகா. இப்போதே விண்ணப்பியுங்கள். தலைமையாசிரியர் மாமா முறை என்பதெல்லாம் செல்லாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டதும் சில பெரியவர்கள் பின்வாங்குவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்துவிட்டு அப்புறம் வருந்தியவர்கள் நம் மக்களில் எத்தனை பேர்! குரல் பதிவில் சம்மதம் வாங்கலாமா என்று நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெயர் மாற்றுவதிலும் ஜாக்கிரதை. சின்ன ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "முன்னாள் தண்டலின் இரண்டாவது மகள், ஆசிரியை" என்று எழுதினால் ஊருக்கே தெரியும் அது யார் என்று. அவர் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கியதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? 1960களில் இங்கே ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின், அந்தத் தோட்டத்துக்கே "பால் மெலாயு" என்று புனைபெயர் வைத்துத்தான் எழுதினார். உங்கள் தோட்டத்துக்கும் ஒரு பெயர் யோசித்து வையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது கேள்வியை எடுப்பேன். ஒரே ஒரு பழைய தோட்டம். அங்கிருந்து வந்த குடும்பங்களில், பிள்ளை பாதியில் நின்ற வீடு ஏழெட்டு, நிற்காத வீடு ஏழெட்டு. தாயிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாக. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்கவே மாட்டேன், அது குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். "கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று ஆரம்பிப்பேன். நாட்டின் எல்லாத் தோட்டத்தாருக்கும் இது பொருந்தும் என்று ஒரு வரிகூட எழுத மாட்டேன். நூறு படிவத்தில் வராத ஒன்று இதில் வரும். நிறுத்திய வீட்டுக்கும் நிறுத்தாத வீட்டுக்கும் நடுவே, வருமானம் ஒன்றாக இருந்தும், வேறு என்ன இருந்தது என்பது.

ஆட்களைக் கண்டுபிடிக்கக் கோயில் தலைவரிடம் போவீர்கள். இப்போதைய வரிப் பட்டியலை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். தோட்டம் இருந்த காலத்து ரசீதுப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நான் போன தோட்டத்தில் அவை சாமி வேட்டி வைக்கும் தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்தன. லயன் வாரியாக, வீட்டு எண்ணோடு, வரி கட்டாதவர் பெயருக்கு எதிரே "பாக்கி" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்கள்.